மரகதம் அக்கா ஜூரியில் உட்கார்ந்த கதை

மரகதம் அக்காவைப் பற்றி யாராவது "அந்த அமைதியான அம்மாவா?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். அமைதியாமே! ஆக்லாந்தின் மங்கரேயில், விமானங்களுக்குச் சாப்பாட்டு ட்ரே அடுக்கும் கிச்சனில், அவர் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவள் நான். ஒரு ட்ரேயில் ஸ்பூன் இல்லாவிட்டால் ஓடுகிற பெல்ட்டையே நிறுத்திவிடுவார். சூப்பர்வைசர் கத்திக்கொண்டு வந்தால் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்ப்பார். அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போவான்.

அவர் யாழ்ப்பாணம், நான் திருச்சி. அவர் "ஓம்" என்பார், நான் "ஆமா" என்பேன். நாங்கள் "மனைவி" என்பதை அவர்கள் "மனுசி" என்பார்கள். சண்டை என்று வந்துவிட்டால் இரண்டு தமிழும் தாராளமாகப் போதும். போருக்குத் தப்பிக் கணவர் குலசிங்கத்தோடு ஆக்லாந்து வந்து சேர்ந்தவர் அக்கா. பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கிடைத்ததும் முதல் வேலையாக வோட்டர் லிஸ்ட்டில் பெயர் பதிந்தார். இந்த நாட்டில் வோட்டுப் போட சிட்டிசன் ஆகவேண்டும் என்றில்லை, பி.ஆர். இருந்து ஒரு வருஷம் இங்கே வாழ்ந்திருந்தாலே போதும். தொண்ணூற்றாறாம் வருஷத் தேர்தலுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது, ஜூரியில் உட்கார வரச்சொல்லி: வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பன்னிரண்டு பொதுஜனங்களில் ஒருவராக.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. குலசிங்கம் அண்ணன் கோர்ட் முத்திரையைப் பார்த்ததுமே கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். கூப்பிட்ட இடத்துக்குப் போன மனிதர்கள் திரும்பி வராத ஊரிலிருந்து வந்தவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பதறிக்கொண்டு எல்லர்ஸ்லிக்கு, ஜெயரட்ணம் வீட்டுக்கு ஓடினார். ஜெயரட்ணம் இலங்கையில் அரசாங்க கிளார்க்காக இருந்தவர். இங்கே உள்ள யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு எந்த ஆபீசுக்கு எழுதுவதென்றாலும் அவர்தான். ஜூரி அழைப்புக்கென்றே ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார்: இவருக்கு ஆங்கிலம் போதாது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெயரை மட்டும் மாற்றுவார். பாங்கில் வேலை பார்க்கும் பெண்களுக்குக்கூட அவர் புண்ணியத்தில் இங்கிலீஷ் மறந்துபோயிருந்தது!

குலசிங்கம் அண்ணன் அங்கே எழுதி வாங்கிக்கொண்டு வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு நேரே ஜெயரட்ணம் வீட்டுக்குப் போனார்.

"அண்ணை, எனக்கு இங்கிலிஷ் தெரியாது எண்டு இவ்வளவு வடிவான இங்கிலிஷில எழுதியிருக்கிறியள். வாசிச்சு விளங்கிப்போட்டுத்தான் வாறன். பொய்க்குக் கையெழுத்து வைச்சுக் கோர்ட்டுக்கே அனுப்பச் சொல்லுறியளோ?"

ஜெயரட்ணம் கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் பதில் சொன்னார். "பிள்ளை, நாங்கள் வந்து குடியேறின ஆக்கள். இந்த நாட்டுச் சனத்துக்கு நாங்கள் தீர்ப்புச் சொல்லுறதோ? முதல்ல சிட்டிசன் ஆகுவம். பிறகு பாப்பம்."

மறுநாள் கிச்சனின் லஞ்ச் அறைப் போனிலிருந்து அக்கா கோர்ட்டுக்கே பேசினார். வோட்டர் லிஸ்ட்டில் பெயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தால் வரலாம், வரவும் வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"இந்த வம்பு உங்களுக்கு எதுக்குக்கா? அண்ணன் வேற இப்படிப் பயப்படுறாரு" என்றேன்.

"ரத்னா, என்ர தம்பியை பஸ்ஸில இருந்து இறக்கிக் கொண்டு போனவங்கள். அவன் செய்தவனோ இல்லையோ எண்டு ஒருத்தரும் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. இஞ்ச கேக்கிறாங்கள். அதுவும் என்னைக் கூப்பிட்டுக் கேக்கிறாங்கள். நான் போகாமல் இருப்பனோ?"

கோர்ட் நாளன்று அவர் பெல்ட்டையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

போனார். அன்று மத்தியானமே கிச்சனுக்குத் திரும்பியும் வந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. கோர்ட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெட்டியிலிருந்து சீட்டு எடுத்துப் பெயர் கூப்பிடுவார்கள். பெயர் வந்தவர் ஜூரி நாற்காலிக்கு நடந்து போகவேண்டும். உட்காருவதற்குள் இரண்டு பக்க வக்கீல்களில் யாராவது "சேலஞ்ச்" என்று சொல்லிவிட்டால் திரும்பிப் போகவேண்டியதுதான். காரணம் சொல்லவேண்டியதில்லை. அக்கா நாற்காலியைத் தொடப்போகும்போது அந்த வார்த்தை வந்து விழுந்திருக்கிறது.

"ஜெயரட்ணம் அண்ணை சொன்னது சரிதான் போல. நாங்கள் சரிவர மாட்டம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்படி நடந்தீங்க? நடந்து காட்டுங்க!"

ட்ராலிகளுக்கு நடுவே நடந்து காட்டினார். தலை குனிந்து, கைகளைக் கோத்துக்கொண்டு, சுவரோரமாக, பாதம் தரையில் படுகிறதா என்று தெரியாமல். பெரியவர்கள் கூடியிருக்கும் சபைக்குள் நம் பெண்கள் நுழைவார்களே, அப்படி.

"ஐயோ அக்கா! மரியாதைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த வக்கீலுக்கு எப்படித் தெரியும்? பயந்து நடுங்குற பொம்பளைன்னு நெனச்சிருப்பான். சூப்பர்வைசரைப் பாப்பீங்களே, அந்த மாதிரி பாருங்க."

"நீதவான் இருக்கிற இடமெல்லோ? பெரியாக்களுக்கு முன்னால நெஞ்சை நிமித்திக்கொண்டு நடக்கிறதோ?"

"அங்க நீங்களும் பெரிய ஆள்தான்!"

திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வேறு வழக்குக்காக மறுநாள் காலையும் வரவேண்டும். மறுநாளும் அக்கா பெயர் வந்தது. இந்தத் தடவை கூடத்தின் நடுவே நடந்தாராம். ஒரு வக்கீலை முகத்துக்கு நேரே பார்த்தாராம், பிறகு அடுத்தவரை. இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அக்கா உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எங்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்! தினமும் சாயங்காலம் போன் போட்டேன். என்ன வழக்கு, யார் என்ன சொன்னார்கள், ஒரு சொல் கிடைக்கவில்லை. "ஜூரி வெளியில கதைக்கக்கூடாது ரத்னா." குலசிங்கம் அண்ணன் தன் கையால் நண்டுக்குழம்பு வைத்துக்கூடப் பார்த்தார். நண்டு போனதுதான் மிச்சம்.

கடைசி நாள் நான் லீவு போட்டேன். அண்ணனைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன். வாசலில் போலீஸ்காரரைப் பார்த்ததும் அவர் என் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். பார்வையாளர்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அங்கேதான் வழக்கே எங்களுக்குத் தெரிந்தது. ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் சரக்குத் திருடியதாக, அங்கே வேலை பார்த்த ஒருவர் மேல் குற்றச்சாட்டு. அவருடைய அம்மா எங்களுக்கு முன் வரிசையில் ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜூரிக்காகப் பேசுபவர் எழுந்திருக்கலாம் என்று கோர்ட் அதிகாரி சொன்னார். டை கட்டிய ஒருவர் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார், அவர்தான் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. மரகதம் அக்கா எழுந்தார்.

மற்றப் பதினொரு பேரும் அவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா இன்றுவரை சொன்னதில்லை.

எல்லோரும் ஒத்துக்கொண்ட தீர்ப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். "யெஸ்." குற்றவாளியா, இல்லையா? "நாட் கில்ட்டி." அதே யாழ்ப்பாணத்து இங்கிலீஷ், அழுத்தந்திருத்தமாக, கடைசி பெஞ்சுவரை கேட்டது. அந்த அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. எங்க அக்கா, எங்க அக்கா என்று கத்தவேண்டும் போலிருந்தது.

பக்கத்தில் குலசிங்கம் அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். உட்காரும்படி கோர்ட் அதிகாரி கைகாட்டினார். இந்தத் தடவை அண்ணன் யார் பின்னாலும் ஒதுங்கவில்லை.

"என்ர மனுசி நிக்கிறா" என்று மெல்லத் தமிழில் சொல்லிவிட்டு, அப்படியே நின்றார்.