ஒபதியாவின் வாரிசு

"எங்க ஆளுங்க வந்து இறங்கினப்ப இங்க காடும் ஓநாயும்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் லைமன் டிரஸ்காட் காலைச் சாப்பாடு கேட்பார். உணவகத்து டார்லீன் காப்பியை ஊற்றிக்கொண்டே, "நேத்தும் அதேதான் சொன்னீங்க. முட்டை ரெண்டு பக்கமும் வேகணுமா?" என்பாள்.

மாசசூசெட்ஸ் கடற்கரையில் எங்கள் ஊர். லைமன் காப்பீடு விற்று ஓய்வுபெற்றவர். ஏறக்குறைய நானூறு வருடங்களுக்கு முன் கப்பலில் வந்த, ப்யூரிட்டன் என்ற கறாரான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒபதியா டிரஸ்காட்டின் வம்சத்தில் பிறந்ததுதான் அவருடைய ஒரே சாதனை. அதற்காக அவர் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போட்டதில்லை.

ஒபதியாவின் பெருமைக்குரிய சொந்தங்களைத் தேடி இங்கிலாந்துக்குப் பலமுறை போய்வந்தார். தாய்வழியில் ஒரு பிஷப், மனைவி வழியில் ஒரு நகர மேயர் அகப்பட்டார்கள். ஒபதியாவின் கூடப்பிறந்த தம்பி குதிரை திருடித் தூக்கில் தொங்கினானே என்று கேட்டேன். "அது வேற டிரஸ்காட்" என்றார். வேறு பிரிவுக் கிறிஸ்தவள் என்பதற்காக ஒரு குவேக்கர் பெண்ணை ஒபதியா சாட்டையால் அடிக்கச் சொன்னாரே என்றேன். "அது அந்தக் காலத்துக் கண்டிப்பு. உங்களுக்கெல்லாம் புரியாது." செத்துப்போன பிஷப்புக்காகக் கடல் தாண்டிய இந்த மனிதர், அடுத்த தெருவில் மீன் வெட்டும் சொந்தத் தம்பியைக் கிறிஸ்துமஸுக்குக்கூடக் கூப்பிட்டதில்லை.

பிஷப் உறவை நிரூபிக்க வம்சத்தார் எல்லோரையும் எச்சில் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். பிஷப் வீட்டாரோடு எதுவும் ஒட்டவில்லை. பிராவிடன்ஸ் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ரொவீனா என்ற கறுப்பினப் பெண்ணோடு ஒட்டியது. ஒபதியாவின் பேரன், தன் வீட்டு அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளையின் வழி அவர். லைமன் இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை; ஆனால் அதே முடிவு ரொவீனாவுக்கும் போயிருந்தது.

இலையுதிர் காலத்தில் வம்சத்தார் தேவாலயக் கூடத்தில் கூடினார்கள். ரொவீனாவும் ஆப்பிள் பணியாரத்தோடு வந்து நின்றார்.

"எச்சில் கணக்குப்படி நீங்க எனக்கு அண்ணன் முறை."

"அந்தப் பரிசோதனையெல்லாம் தப்பாயும் வரும்மா" என்றார் லைமன்.

"பிஷப்புக்குன்னா மட்டும் சரியா வருமா, அண்ணே?"

கூடம் சிரித்தது. லைமனின் காது சிவந்தது.

படம் எடுக்கும் நேரம் வந்தது. ரொவீனா வரிசையின் ஓரத்தில் போய் நின்றார். லைமன் கேமராவோடு அவரிடம் போய், குரலைத் தேனாக்கிக்கொண்டு, "எங்களை ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?" என்றார்.

"படத்துல நிக்கத்தான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன்." கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார் ரொவீனா.

லைமன் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் வரிசையை விட்டு வெளியே வரவில்லை.

"சரி, நானே எடுக்குறேன்" என்று எதிரே போய் நின்றார். அவருக்கு வலது ஓரத்தில் ரொவீனா. ஒரு கண்ணை மூடினார். எல்லோரையும் சிரிக்கச் சொல்லிவிட்டு, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் திருப்பினார்.