எல்லா வீட்டிலும் ஒரு ஸ்வெட்டர் மிஷின்

மருமகள் கம்பளி நூல் பொட்டலத்தைப் பிரித்தாள். அந்த நாப்தலின் உருண்டை வாசனை என்னைச் செகந்திராபாத் பக்கம் நான் வளர்ந்த குஷாய்குடா குவார்ட்டர்ஸுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எண்பதுகளில் ஒரு கோடை. எங்கள் முன்னறையில் ஸ்வெட்டர் பின்னும் மிஷின் வந்து உட்கார்ந்தது. பின்னுவதையெல்லாம் தானே வாங்கிக்கொள்வதாக விற்றவன் சொல்லியிருந்தான். அக்கா கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வளையல்களை விற்றுத்தான் அம்மா அதை வாங்கினாள்.

“இந்த வெயிலூர்ல ஸ்வெட்டர் யாருடி போடுவா?” என்றார் அப்பா.

“யாரு போட்டா நமக்கென்ன? அவனே வாங்கிக்கிறானே! ரெண்டு வளையல நாலாக்கிக் காட்டுறேன், பாருங்க.”

வியர்வை சொட்டச் சொட்டப் பின்னினாள். பின்னல் தளர்ந்திருக்கிறது என்று முதல் மூட்டையை அவன் திருப்பிவிட்டான். அடுத்த மூட்டையோடு செகந்திராபாத் போனால், கடை பூட்டியிருந்தது.

“நக்கோம்மா, வேணாம், வெயில்ல நிக்காதீங்க. அவன் காலி பண்ணிட்டுப் போயிட்டான்” என்றார் பக்கத்து டீக்கடைக்காரர்.

மிஷினையாவது விற்றுவிடலாம் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் போனாள். கேட்டு முடிப்பதற்குள் ஆன்ட்டி எழுந்துபோய், மூலையில் கிடந்த போர்வையை விலக்கினார். அதே மிஷின்.

“நீங்க வாங்கிக்குவீங்களான்னு நானே கேக்க இருந்தேன் ரோஸக்கா. எதிர் வரிசையிலயும் கேட்டுப் பாத்துட்டேன். அங்க வீட்டுக்கு வீடு இருக்கு.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்: “வளையல் இன்னும் பெட்டியிலதான் இருக்குன்னு பெரியவ நெனச்சிட்டிருக்கா, ஸ்டெல்லா.”

“உங்களுக்கு என்ன கலர்ல பின்னட்டும் அத்தை?” என்கிறாள் மருமகள். நான் நூல்கண்டை எடுத்து மறுபடி முகர்ந்து பார்க்கிறேன்.