பாதையை மறித்த பெண்கள் கமிட்டிக்குள் வந்த நாள்

2007 பெப்ரவரியில் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். சமாதானப் பேச்சுகளில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று உலக நாடுகள் போட்ட தீர்மானம் பற்றித்தான் நாள் முழுக்கப் பேச்சு. மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் செல்வராணி. இரத்தினபுரி மாவட்டத்தில் நிவித்திகலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். வருகிற ஞாயிறு தங்கள் ஊர்ச் சமாதானக் கமிட்டியில் இடம் கேட்கப் போவதாகச் சொன்னார். நானும் வரட்டுமா என்றேன்.

இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், இருபத்தைந்து ரூபாய். இறங்கி நான்கு கிலோமீட்டர் ஏற்றம், த்ரீவீலருக்கு இருநூறு. (பாதையைப் பார்த்தால் பேரம் பேச மனம் வராது.) ஓட்டுநர் சிங்களவர். செல்வராணி பெயரைச் சொன்னதும் நடந்ததை அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முந்தைய வருடம் கடைவீதியில் தமிழ், சிங்கள இளைஞர்களுக்குள் கைகலப்பு. தோட்டத் தமிழர் குடியிருக்கும் லயங்களுக்குத் தீ வைக்கக் கூட்டம் வருவதாகச் செய்தி பரவியது. செல்வராணி நேரே சிங்களக் கிராமத்துக்கு ஓடி, அப்பக்கடை குசுமாவதியைக் கூட்டிவந்தார். இரண்டு பக்கத்துப் பெண்களும் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். வந்த கூட்டத்தில் குசுமாவதியின் மகனும் இருந்தான். கையிலிருந்த பொல்லுத் தடியைக் கீழே போடு என்று தாய் சொல்ல, அவன் போட்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

அதன் பிறகு அமைத்த கமிட்டியில் எல்லோரும் ஆண்கள். பொலிஸ் தேடுதல் சுற்றிவளைப்பில் பிடித்த தோட்டத்துப் பெண்களை ஆண் பொலிஸாரே விசாரித்தார்கள். அதை எடுத்துச் சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை.

ஞாயிறன்று பன்சல எனப்படும் பௌத்த விகாரையின் மண்டபத்தில் கூட்டம். சொல்ல வேண்டியதைத் தோட்டத் தலைவர் மூலம் சொல்லலாமே என்றார் ஒருவர். செல்வராணி எழுந்தார்.

“அன்னைக்கு ரோட்டுல நாங்கதான் உக்காந்தோம். இன்னைக்குப் பேசுறதும் நாங்களே பேசுறோங்க.”

அதையே சிங்களத்திலும் சொன்னார். கூட்டத்துக்குத் தலைமை வகித்த பிக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். செல்வராணியும் குசுமாவதியும் உறுப்பினரானார்கள். பெண் பொலிஸ் வேண்டும் என்றதற்கு, மேலே கேட்க வேண்டும் என்றார் பொலிஸ் பொறுப்பதிகாரி. அப்படியானால் வாரா வாரம் வந்து கேட்போம் என்றார் செல்வராணி.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும், வழியில் சோதனை உண்டு. அட்டைப்பூச்சிக் கடிக்குச் சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள். லயத்தைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். மாலை ஐந்துக்குள் பஸ்ஸுக்கு இறங்கிவிடுங்கள்.

இதை எழுதும்போது செல்வராணி ஃபோனில் வந்தார். பெண் பொலிஸ் வந்துவிட்டாராம், அம்பாறைப் பக்கத்துச் சிங்களப் பெண்.

“தங்க எடமில்லாம நின்னுச்சு அந்தப் புள்ள. குசுமா வீட்டுல ஒரு ரூம் ஒழிச்சுக் குடுத்திட்டோம்.”