அளக்கிற சங்கிலி

"முப்பது வருஷ சர்வீஸ்ல என் கையால ஒரு மரம் விழுந்தது கிடையாது. என்னுது அளக்குற சங்கிலி, அறுக்குற சங்கிலி இல்ல."

ஓய்வுபெற்ற மறுவாரம், சலூன் நாற்காலியில் முகம் நிறைய சோப்பு நுரையோடு சர்வேயர் இப்படிப் பிரகடனம் செய்தார். சலூன்காரர் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? மனுஷர் சொன்னது சத்தியம். காட்டுக்குள் போவார், சங்கிலி பிடித்து அளப்பார், மர நிழலில் சௌகரியமாக உட்கார்ந்து படிவத்தின் ஏழாவது கட்டத்தில் இரண்டே வார்த்தை எழுதுவார்: 'பயன்படாத நிலம்'. வெட்டி, நட்டு வைத்திருந்தால்தான் அது பயன்படும் நிலம். மரம் தன்பாட்டுக்கு நின்றால், குரங்குகள் எத்தனை தலைமுறையாகக் குடியிருந்தாலும் பயன்படாத நிலம். அப்படிப்பட்டதை எண்ணெய்ப்பனைக் கம்பெனி கேட்டால் அரசாங்கம் கொடுத்துவிடும். கொடுத்த பிறகு நடப்பது சர்வேயரின் இலாகா அல்ல. மர லாரிகள் அவர் வாசலைத் தாண்டித்தான் போகும். அவர் சன்னலைச் சாத்திக்கொள்வார். தூசி உடம்புக்கு ஆகாது.

இந்த வருஷம் ரம்பச் சத்தம் மலைக்கு இந்தப் பக்கம் வந்தது. முதலில் காலையில் மட்டும் லேசாகக் கேட்டது. பிறகு சமையலறைத் தட்டுகள் அதிர ஆரம்பித்தன. ஆற்றுத் தண்ணீர் செங்கல் கரைத்த நிறமாயிற்று. தெளிந்த தண்ணீர் மிச்சமிருந்தது வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் காட்டில், ஓர் ஊற்றில்தான். அந்தக் காடு மாமனார் தன் மகளுக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்தது, பத்திரம் கிடையாது.

திங்கட்கிழமை மனைவி ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்பக்கக் காடு பயன்படாத நிலமாம். வெள்ளிக்கிழமை மறு ஆய்வாம். அதற்குள் பயன்பாடு தெரியாவிட்டால் கம்பெனிக்காம். கூடவே பழைய ஆய்வறிக்கையின் நகல். ஏழாவது கட்டத்தில் அவருடைய கையெழுத்தேதான், முத்து முத்தாக. பத்து வருஷத்துக்கு முன் மலையடிவாரம் மொத்தத்தையும் ஒரே மூச்சில் அளந்தபோது, மாமனாரின் வேலியைத் தாண்டியது அவருக்கு உறைக்கவில்லை.

"ஏங்க, எங்கப்பா காட்டையும் சேர்த்தா எழுதினீங்க?"

"கோடு நேரா போச்சு."

"ஆமா, ரொம்ப நேரான மனுஷன்."

அலுவலகத்துக்கு ஓடினார். தன் பழைய நாற்காலியில் இருந்த புது சர்வேயரிடம் ஊற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அவர் மரியாதையாக எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

"ஊத்துக்குக் கட்டம் இல்லையே சார். பாதிக்கு மேல வெட்டி ஏதாவது நட்டுடுங்க. 'பயன்படுது'ன்னு நானே எழுதிடறேன்."

ஆக, காடு தங்க வேண்டுமானால் காட்டை வெட்ட வேண்டும். அதில் ஒரு குறையும் சர்வேயரால் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது வருஷம் அவர் கட்டிக்காத்த விதி.

"மரம் போனா ஊத்து நிக்குமா?" என்று மனைவி கேட்டாள். அவர் கைகழுவப் போய்விட்டார்.

மரம் வெட்டும் ஆட்கள் எல்லோரும் கம்பெனியில் இருந்தார்கள். வியாழக்கிழமை காலை, சலூன்காரரின் மச்சானிடம் இரவல் வாங்கிய சங்கிலி ரம்பத்தோடு அவரே பின்பக்கம் போனார். பழக்கதோஷத்தில் முதலில் அளந்தார். மறுமுனையை மனைவி பிடித்துக்கொண்டாள். பாதிக்கு மேல் என்றால் கோடு ஊற்றைத் தாண்டித்தான் விழுந்தது, ஊற்று வெட்டுகிற பக்கத்தில்.

அளக்கிற சங்கிலியை மடித்து ஊற்றங்கரையில் வைத்தார். ரம்பத்தின் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பில் கிளம்பவில்லை. இரண்டாவதில் கிளம்பியது.