ஆடுதன் அஞ்சைத் தேடினவன்

காட்ஸ் வித்தை, அதாவது சீட்டு வித்தை, பழகத் தேவையான சாமான்கள் மூன்று: ஒரு கட்டுக் காட்ஸ், வீடியோ பார்க்க ஒரு போன், விழுந்த தாளைக் குனிந்து பொறுக்க நல்ல முதுகு. இந்த நோய் பிடித்த மற்றவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு இது பிடித்த நேரம்தான் சரியில்லை. மருதனார்மடத்தில் ஒரு போன் திருத்தும் கடையில் எனக்கு வேலை. அரியாலையில் மதுரா என்ற பெண்ணை எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. நாலைந்து தரம் போனில் கதைத்ததில் எனக்கு அவளை நன்றாகவே பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா ஓம் என்று சொல்வது ஒன்றுதான் பாக்கி.

மெத்தையே மேடை

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் காட்ஸைக் கையில் விசிறியாக விரித்தான், ஒற்றைக் கையால் இரண்டாக வெட்டினான், ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பறக்கவிட்டான். நான் பறக்கவிட்டவை அலுமாரிக்குக் கீழே போய் இறங்கின. கட்டிலுக்கு மேலே நின்று பழகினால் பொறுக்குவது சுகம் என்று இன்னொரு வீடியோ சொன்னது. எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்குத் தாள்கள் கையோடு ஒட்டிக்கொண்டன. அம்மாவின் முகப்பவுடரைப் பூசிப் பார்த்தேன். தாள் வழுக்கியது. அறை முழுக்கக் கோயில் திருவிழா வாசம்.

அம்மாவுக்குக் காட்ஸ் என்றாலே சூது. ஊரெல்லாம் சிவராத்திரிக்கு நித்திரை முழிக்கக் காட்ஸ் விளையாடும்போது எங்களைத் தேவாரம் பாட வைத்தவர் அவர். அதனால் ஒரு விளையாட்டும் தெரியாமலே நான் வளர்ந்துவிட்டேன். பூட்டின அறைக்குள் தாள்கள் புர்ர் என்று சத்தம் போடுவதைக் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கதவைத் தட்டிக் கேட்டார்: "தம்பி, தனிய இருந்து விளையாடி ஆரிட்டையடா தோக்கிறாய்?"

காணாமல் போன சிம்

கை கொஞ்சம் பழகியதும் வித்தை காட்ட ஆள் பிடிக்கும் ஆசை வரும். உங்களுக்கும் வந்திருக்கும். சிம் மாற்ற வந்த ஒரு ரீச்சரின் கண் முன்னாலேயே அவருடைய சிம்மை உள்ளங்கையில் வைத்து மூடி, ஊதி, கையை விரித்துக் காட்டினேன். சிம் இல்லை. ரீச்சர் சிரிக்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார். "தம்பி, சிக்னல் எங்கடை வீட்டிலை தானாக் காணாமப் போகுது. ஏலுமெண்டா அதைக் கொண்டு வந்து காட்டும்."

விசாரணை

பொம்பிளை வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி ஊருக்குள் விசாரிப்பார்கள். சந்திக் கடையில் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக் கேற்றடியில் நின்று கேட்பார்கள். என்னைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். நானோ வேலைக்குப் போகிற பஸ்சில் ஒற்றைக் கையால் காட்ஸ் வெட்டிப் பழகுகிறவன். அதைப் பார்த்த யாரோ, கேட்டவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

கலியாணப் புறோக்கர் ஐயா குடையை மடக்காமலே எங்கள் விறாந்தைக்கு ஏறினார். அரியாலையில் யோசிக்கிறார்களாம். மதுராவின் அப்பாவும் காட்ஸ் விளையாடுகிறவர்தானாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், சிநேகிதர்களோடு. பஸ்சிலும் விட்டுவைக்காதவனுக்குப் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று கேட்கிறாராம். இது சூதில்லை, வித்தை என்று விளங்கப்படுத்தினேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "குடிக்கிறான் எண்டாக்கூடக் கலியாணத்துக்குப் பிறகு விட்டிடுவான் எண்டு சொல்லிச் சமாளிப்பன். இவர் தனிய இருந்து சிரிச்சுச் சிரிச்சுக் காட்ஸ் பிரிக்கிறாராம். இதை நான் என்னெண்டு சொல்லுறது, அக்கா?"

அரியாலை அரங்கேற்றம்

மதுராதான் வழி சொன்னாள். "அப்பாவுக்கு நேரை செய்து காட்டுங்கோ. பார்த்தா விளங்கிக்கொள்ளுவார்." வீடியோக்களின் முதற்பாடம், சொந்தக் கட்டை நம்ப மாட்டார்கள், இரவல் கட்டில் செய் என்பது. ஆகவே வெறுங்கையோடு போனேன். மதுராவின் அப்பா தன்னுடைய ஞாயிற்றுக்கிழமைக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு துண்டில் தாளின் பெயரை எழுதி, மடித்து, அவர் கையில் கொடுத்தேன். கலைக்கிற சாட்டில் அந்தத் தாளைத் தேடி மேலே கொண்டுவந்து, அதையே அவரை எடுக்க வைக்க வேண்டும். மந்திரம் என்பது அவ்வளவுதான்.

நான் எழுதியது ஆடுதன் அஞ்சு, சிவப்பு இதயம் போட்ட அஞ்சாம் தாள். கட்டில் அதைக் காணவில்லை. திரும்பவும் கலைத்தேன். ஒரு அஞ்சுமே இல்லை. மதுரா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றபடி என் கையையே பார்த்தாள். வேர்வையில் தாள்கள் ஒட்டின. என் கலியாணம் என் விரல்களுக்கு இடையால் வழுகிக்கொண்டிருந்தது.

"அஞ்சைக் காணேல்லை" என்றேன் கடைசியில்.

மதுராவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்பா முன்னூற்றிநாலு விளையாடுற கட்டு அது. ஏழுக்குக் கீழை எல்லாத்தையும் கழிச்சிட்டுத்தான் விளையாடுவினம். உங்களுக்குத் தெரியாதே?" எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது தேவாரம்தானே. அவள் தட்டை வைத்துவிட்டுப் போய், ஆடுகிற தையல் மெஷின் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த தாள்களை உருவி, அதிலிருந்து ஆடுதன் அஞ்சை எடுத்து வந்து மேசையில் போட்டாள்.

அவளுடைய அப்பா துண்டைப் பிரித்து வாசித்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இஞ்சரும், முன்னூற்றிநாலுக் கட்டிலை அஞ்சைத் தேடுறவன் பிறந்ததுக்குக் காட்ஸ் விளையாடியிருக்க மாட்டான். கலியாணத்துக்கு நாள் பாரும்."

இத்தனை காலத்தில் நான் சரியாகச் செய்த ஒரு வித்தைக்கும் ஒருத்தரும் கை தட்டியதில்லை, பிழைபட்டுப்போன அந்த ஒன்றுக்குத்தான் கெட்டிமேளமே கொட்டினார்கள்.