கரையைக் கடக்காத புயல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஹம்தானின் பரோட்டாக் கடை. மாவை அவர் வீசும்போது வெளியூர்க்காரர்களின் கண் இடது கைக்குப் போகும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. மிச்சமிருக்கும் மூன்று விரலில் மாவு வழுக்காமல் சுழன்று மேசையில் அறைந்து விரியும். யாராவது கேட்டுவிட்டால், "கதவுல மாட்டிட்டு" என்பார். அது எங்கே இருந்த கதவு என்று சொல்வதில்லை.

அந்தக் கதவு அரபிக்கடலின் நடுவில் இருந்தது.

கடை போடுவதற்கு முன் அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அதற்கும் முன்பு ஐந்தருவிக்குப் போகும் வழியில் பஜ்ஜி போட்டவர். அருவிக்கரையில் வளர்ந்த உடம்பு. வெள்ளம் வந்தால் போலீஸ் விசிலடித்துக் கூட்டத்தை விரட்டிக் கயிறு கட்டும். இரைச்சல் கொஞ்சம் அடங்கி வெயில் எட்டிப் பார்த்ததும் உள்ளூர்க்காரர்கள் கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே போய்விடுவார்கள். அதில் முதல் ஆள் ஹம்தான். "போலீஸு சொல்லுத வரைக்கும் நின்னா சீசனே முடிஞ்சிரும்லே" என்பார்.

கப்பலில் அவரோடு தமிழ் பேச இருந்த ஒரே ஆள், குழாயும் வால்வும் பார்க்கிற ஜோயல். கடையத்துக்காரன். ஏஜென்ட்டிடம் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டதே ஹம்தான்தான். வழியனுப்ப வந்த ஜோயலின் மனைவி கிறிஸ்டி அழவில்லை. "பாய், கூட்டிட்டுப் போறது நீங்க. கொண்டாந்து விடுததும் நீங்கதான்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் தொடக்கத்தில் மங்களூரிலிருந்து சலாலாவுக்குப் புறப்பட்டார்கள். லட்சத்தீவைத் தாண்டியதும் காற்று நின்றுவிட்டது. கடல், அடுப்பில் வைத்து மறந்த எண்ணெய் மாதிரி கனத்துக் கிடந்தது. வாளியில் மொண்டு கையை விட்டால் வெதுவெதுப்பு. தூரத்தில் மேகங்கள் தனித்தனியாக எழும்பி நின்றன. மறுநாள் அவை ஒன்றையொன்று பிடித்திழுத்து ஒரே சுவராயின. அதற்கு மறுநாள் சுவர் சுழன்றது. கப்பல் வடக்கே விலகி ஓடியது. புயலும் வடக்கே திரும்பியது.

பிறகு வந்தது காற்று மாதிரியே இல்லை. யாரோ இரும்பை இரும்பால் அறுக்கிற சத்தம். அலை கப்பலைத் தூக்கித் தூக்கிக் கீழே அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் தகடுகள் முனகின. சமையலறையில் கட்டிவைத்த பெரிய குண்டான் கயிற்றை அறுத்துக்கொண்டு சுவருக்குச் சுவர் பாய்ந்து அடுப்பை நசுக்கியது. ஒரு உயிர்காப்புப் படகு, அதைத் தாங்கிய இரும்புக் கையோடு பிய்ந்து போனது. மழை பக்கவாட்டில் பெய்தது. ஒலிபெருக்கியில் ஆபீசரின் குரல் திரும்பத் திரும்ப, யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்றது. எல்லோரும் வாந்தியெடுத்து, வாந்தியெடுக்க ஒன்றுமில்லாமல் கிடந்தார்கள்.

திடீரென்று காற்று அறுந்தது.

கண்ணாடி வழியே ஹம்தான் பார்த்தார். தலைக்கு மேலே கிணற்று வாய் போல் வட்டமாக நீல வானம். வெயில். களைத்த பறவைகள் தளத்தில் வந்து விழுந்து சிறகைக்கூட மடக்காமல் கிடந்தன. அலை மட்டும் நாலா பக்கமும் குதித்துக்கொண்டிருந்தது. அருவி வெள்ளமும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடியும் என்று நினைத்தார்.

"ஏலே ஜோயலு, மழ வெறிச்சிட்டுலே. சோறு பொங்கிருவோம்."

"தொறக்கக் கூடாதுன்னுல்லா சொல்லுதாவ."

"அவுங்க சொல்லுதது எப்பவும் அரை மணி நேரம் லேட்டுதான். வெங்காயப் பெட்டி அந்தா இருக்கு. ஒரு சாக்கு, ஓடிப் போயி எடுத்துட்டு ஓடியா."

பின்தளத்தில் காற்றாடக் கட்டிய மரப்பெட்டி எப்படியோ தப்பி நின்றது. ஹம்தான் இரும்புக் கதவின் பிடிகளைத் தளர்த்தி வெளிப்பக்கமாகத் தள்ளினார். ஜோயல் சறுக்கிச் சறுக்கிப் போய்ச் சாக்கைத் தோளில் தூக்கினான். திரும்பி நின்று ஏதோ கேலியாகச் சொல்ல வந்து சிரித்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால் மேகச்சுவர் கப்பல் மேலேயே வந்துவிட்டிருந்தது.

அதுவரை அவர்கள் நின்றது புயலின் கண். இந்த முறை காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. முதல் அடியிலேயே மரப்பெட்டி சில்லாகப் பறந்தது. வெங்காயம் குண்டுகள் போல் சுவரில் வெடித்தது. கதவு தன் முழுக் கனத்தோடு அறைந்து சாத்தியது. முழுக்கச் சாத்தவில்லை. நடுவில் ஹம்தானின் இடது கை இருந்தது.

கையை உருவிக்கொண்டால் கதவு பொருந்திவிடும். அப்புறம் அந்தக் காற்றை எதிர்த்து வெளியிலிருந்து எவனும் அதை இழுத்துத் திறக்க முடியாது. எலும்பு நொறுங்குகிற சத்தம் அவருக்கே கேட்டது. இடுக்கு வழியே கடல் அவர் முகத்தில் அறைந்தது. "லேய், இங்கன. இங்கன" என்று அந்த இடுக்கை நோக்கிக் கத்திக்கொண்டே இருந்தார். ஒரு அலை தளத்தைக் கழுவிப் போனது. அடுத்த அலை போனது. கப்பல் மறுபக்கம் சாய்ந்து கதவு ஒரு மூச்சு தளர்ந்தபோது, இடுக்கில் முதலில் ஒரு முழங்கை வந்தது, பிறகு ரத்தம் வழிகிற ஒரு தலை.

இரண்டு நாள் கழித்து, மேற்கே குளிர்ந்த நீரின் மேல் போனதும் புயலுக்கு மூச்சு வாங்கியது. பாலைவனப் பக்கமிருந்து வறண்ட காற்று அதன் வயிற்றுக்குள் புகுந்தது. சுழல் கிழிந்து, வெறும் மேகமாகி, ஒரு சாயங்காலம் தூறலாக உதிர்ந்து முடிந்தது.

சலாலா ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்குப் பேசியபோது மனைவி மாஜிதா, "கடல்ல ஒரு புயலு வந்துச்சாமே, தெரியுமா? கரையக் கடக்கலயாம், யாருக்கும் ஒண்ணும் இல்லையாம்" என்றாள். "ஆனா பாருங்க, மழைய எல்லாம் இழுத்துட்டுப் போயிட்டு. அருவில சொட்டுத் தண்ணி இல்ல. சீசன் கடைக்காரவுக எல்லாம் அதப் போட்டு ஏசுதாவ."

"ஏசட்டும்" என்றார் ஹம்தான்.

ஊர் வந்ததும் ஜோயலோடு நேரே கடையம் போனார். கிறிஸ்டி முதலில் புருஷனின் தலைத் தையலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவருடைய கட்டுப்போட்ட கையை.

"கதவுல மாட்டிட்டும்மா."

"மாட்டல. இவரு வச்சாரு" என்றான் ஜோயல்.

"மாட்டிட்டுலே. பேசாம இரி."

"அந்த நேரத்துல கதவத் தொறந்தது யாரு?" என்று கிறிஸ்டி கேட்டாள்.



"நான்தான்" என்றார் ஹம்தான். "வெங்காயம் எடுக்க."

அவள் வெளியே கை காட்டினாள். முற்றத்துக்கு அப்பால் ஓலை போட்டு மூடிய சேமிப்புப் பட்டறையில் சின்ன வெங்காயம் மலை மாதிரி குவிந்திருந்தது. அந்த வருடம் விலையில்லாமல் விற்காமல் போட்டது.

"இங்கன அழுவிப் போவுது" என்றாள். "அதுக்குக் கடலுக்குள்ள போனியளாக்கும்."

சாப்பிட உட்கார வைத்தாள். கிளம்பும்போது அவரைக் கேட்காமலே ஒரு சாக்கு வெங்காயத்தைத் தென்காசி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அவர் வலது கையால் சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்தபடி ஊர் வரை நின்றுகொண்டே வந்தார்.