உம்மா கதைத்து முடித்த பிறகு வந்த பாட்டு

றஸாக்கை யாரும் நல்ல பிள்ளை என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். வாயை மூடத் தெரியாத நல்ல பிள்ளை என்று திருத்துவேன், அவ்வளவுதான். கல்முனை பஸாரில் ரேடியோ, கசட் பிளேயர் திருத்தும் கடை வைத்திருந்தான். வேலை சுத்தம். ஆனால் திருத்தி முடியும்வரை பவர் மெட்டல் என்ற பாட்டு வகையைப் பற்றி அவன் சொல்வதையெல்லாம் நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

தொண்ணூறில் குவைத்தில் சண்டை மூண்டபோது ஓடி வந்தவர்களில் அவனும் ஒருவன். மற்றவர்கள் இடுப்பில் நகையை முடிந்துகொண்டு வந்தார்கள். இந்தப் புத்திசாலி ஒரு பை நிறையக் கசட்டோடு வந்து இறங்கினான். அங்கே அவனோடு வேலை செய்த ஜேர்மன்காரன் ஒருவன் ஊர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அவனுடைய உம்மா தலையில் அடித்துக்கொண்டார். நானாக இருந்தால் அவன் தலையில் அடித்திருப்பேன்.

நான் ஸாலிஹா. மருதமுனையில் எங்கள் வீட்டிலேயே தறி போட்டுச் சாரன் நெய்கிறேன். எங்கள் ரேடியோவைத் திருத்த வந்த இடத்தில்தான் அவன் அந்தப் பாட்டை முதன்முதலில் போட்டுக் காட்டினான்.

"அள்ளாவே! ஆட்ட அறுக்கப் போனவன்ட காலில கத்தி விழுந்த மாதிரிக் கத்துறானே!" என்றேன்.

"அது கத்துறல்ல ராத்தா, உச்சஸ்தாயி" என்று தொடங்கினான். "இது ஒரு நாளில பொறந்த பாட்டில்ல. முதல்ல இங்கிலாந்தில, இரும்பு வேலை செய்யிற ஊருப் பொடியனுகள் கிற்றார கரண்டில பூட்டிக் கனமா அடிச்சானுகள். அது ஒரே இருட்டு, கவல. மறுகா வந்தவனுகள் ரெண்டு கிற்றாரச் சோடி சேர்த்து ஒரே மெட்டில ஓட உட்டானுகள். வாள், குதிரை, ராசாக்கதை எல்லாம் பாட்டுக்குள்ள வந்திச்சி. இன்னொரு கூட்டம் வேகத்தக் கூட்டினிச்சி. இதெல்லாத்தையும் எண்பதுகளில ஜேர்மன்காரனுகள் ஒண்டாச் சேர்த்தானுகள். அவனுகளுக்கு அந்தக் காலத்து வயலின் ஓட்டமும் தெரியும், சேர்ச்சில கூட்டமாப் பாடுறதும் தெரியும். அதையும் உள்ளுக்குப் போட்டாச்சி."

"அந்தத் தடதட எண்டு அடிக்கிறது?"

"ரெண்டு காலாலயும் பெரிய மேளத்த மிதிக்கிறான். நீங்க தறியில மிதிக்கிறீங்களே, அப்பிடி மாறி மாறி."

அதன் பிறகு தறியில் உட்கார்ந்தால் அந்தத் தடதடப்பு காலுக்குள் வந்துவிடும். சனியன் பிடித்த பாட்டு.

என் தங்கை றம்ஸியா கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ரேடியோ அந்த வருடம் ஏன் அடிக்கடி பழுதானது என்று எனக்குத் தெரியாதா என்ன? ஒருநாள் அவளைப் பிடித்துக் கேட்டேன். முகம் சிவந்து, "நீங்கதான் உம்மாட்டச் சொல்லணும் ராத்தா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உம்மாவுக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. அவன் பக்கத்திலும் சம்மதம்.

ஆனால் முடிவு சொல்ல வேண்டியவன் என் தம்பி றிஸ்வான். வாப்பா மௌத்தான பிறகு அவன்தான் சவூதியில் உழைத்து எங்களைப் பார்த்தான். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. றம்ஸியாவின் வீட்டையும் அவன்தான் கட்டினான். அவன் 'ஓம்' என்று சொல்லாமல் ஒன்றும் நடக்காது. அவனோ கண்டிப்பான ஆள். முன்பு வந்த ஒரு மாப்பிள்ளை கார்னிவல் மேடையில் ஏறிப் பாடியவன் என்று கேள்விப்பட்டதும், "பாட்டுக்காரனுக்கு என்ட தங்கச்சியக் குடுக்கேலா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

உம்மாவுக்கு எழுத வராது. அப்போதெல்லாம் எங்கள் தெருவில் பாதிப் பேர் கசட்டில் பேசித்தான் அனுப்புவார்கள். அதே தெருவில் இருந்த கச்சிமுகம்மது காக்கா லீவு முடிந்து சவூதிக்குத் திரும்புகிறார் என்று தெரிந்ததும் உம்மா றஸாக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் பிளேயரோடு வந்தான். அவசரத்தில் வெறும் கசட் கிடைக்காமல் தன்னுடைய கசட் ஒன்றையே போட்டான். மேலே பதிந்தால் பழையது அழிந்துவிடும். உம்மா பேசி முடித்த இடத்திலிருந்து மிச்சத்தைத் தானே அழித்துக் கொடுப்பது அவன் எண்ணம்.

ஆனால் மாப்பிள்ளைக் கதை நடக்கும் இடத்தில் மாப்பிள்ளை நிற்கலாமா? பொத்தானை அழுத்திவிட்டு வெட்கப்பட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டான். நாங்களும் போகச் சொன்னோம். மரியாதை பார்த்ததில் வந்த வினை அது.

உம்மா நிதானமாகப் பேசினார். "மகன், இந்தக் கசட்டக் கொண்டுவந்த றஸாக் நல்ல புள்ள. அஞ்சு நேரமும் தொழுறான். ஆட்டம் பாட்டு எண்டு ஒரு கெட்ட பழக்கமும் இல்ல. நீ ஓமெண்டா நாள் வைப்பம்." அத்தோடு நிறுத்தினார். வெளியே வான் ஹோர்ன் அடித்தது. உம்மா கசட்டைக் கழற்றி, துணியில் சுற்றி, கச்சிமுகம்மது காக்காவின் கையில் கொடுத்துவிட்டார். வான் போய்விட்டது.

றஸாக் உள்ளே வந்து பிளேயரைப் பார்த்தான்.

"கசட் எங்க மாமி?"

"அது போயிட்டே தம்பி."

அவன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். விஷயம் விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. 'ஒரு கெட்ட பழக்கமும் இல்ல, நாள் வைப்பம்' என்று உம்மா சொல்லி முடிக்க, உடனே அந்தக் கத்திக்காரன் கத்துவான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். றஸாக் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன், அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

பிறகு காத்திருப்பு. றம்ஸியா சோற்றைக் கையால் அளைந்துகொண்டே இருப்பாள். கடையில் பாட்டும் இல்லை, கதையும் இல்லை. பொறுக்காமல் ஒருநாள் நேரே போய்க் கேட்டேன்: "உலகத்தில வேற பாட்டே கிடைக்கலயா உனக்கு?"

"குவைத்தால ஜோர்தானுக்கு வந்து, வனாந்தரத்தில கூடாரத்தில கிடந்தம் ராத்தா. தண்ணிக்கு அடிபாடு. ஊருக்குப் போவமா, அங்கயே மௌத்தாவமா எண்டு தெரியா. பெற்றறி முடியிறமட்டும் இதத்தான் கேட்டன். என்ன கஷ்டம் வந்தாலும் கடைசில விடியும் எண்டு பாடுறான். எனக்கு இங்கிலீசு பாதிதான் விளங்கும். அது விளங்கிச்சி" என்றான்.

அதற்குப் பிறகு அவனை ஏச எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து தங்கையைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சற்று முன்னால் றிஸ்வானின் கசட் வந்து சேர்ந்தது. பிளேயர் றஸாக்குடையது, ஆகவே அவனும் வந்தான். போட்டுவிட்டுத் திரும்பவும் கிணற்றடிக்குப் போனான். றம்ஸியா கதவுக்குப் பின்னால்.

சலாம், சுகம், வெயில், வேலை எல்லாம் சொல்லிவிட்டு றிஸ்வான் விஷயத்துக்கு வந்தான்.

"உம்மா, நீங்க கதைச்சி முடிஞ்சாலும் நான் கசட்ட நிப்பாட்டுறல்ல. இன்னும் ஒரு கதை சொல்லுவீங்களோ எண்டு கடைசி மட்டும் ஓட உட்டுட்டுக் கிடப்பன். எப்பவும் உஸ்ஸெண்டு சத்தம்தான் வரும். இந்த முறை ஒருத்தன் கத்தினான். பயந்து எழும்பிட்டன். சரியான கோவம். ஆனா உங்கட குரலக் கேக்கிற நேரமெல்லாம் அதுவும் கூடவே வந்திச்சி. இப்ப அது இல்லாட்டி நீங்க கதைச்சி முடிச்ச மாதிரி இல்ல. ஆரு இவனுகள், எங்க இருந்து வந்த பாட்டு இது? பாதியில அறுந்து கிடக்கு. மிச்சத்த மச்சானிட்டச் சொல்லி அனுப்பச் சொல்லுங்க. நாளையும் வைங்க."

உம்மா கசட்டைப் பார்த்தே கேட்டார்: "எந்த மச்சான்?"

"கிணத்தடியில நிக்கிற மச்சான்தான் உம்மா!" என்று கத்தினேன். அப்பாடா! நெஞ்சிலிருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துவிட்டதுபோல் இருந்தது. கதவுக்குப் பின்னால் றம்ஸியா விம்மினாள், பிறகு சிரித்தாள்.

உம்மா வாசலுக்குப் போய், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூப்பிட்டார்: "மருமகன், உள்ளுக்கு வாங்கவன்."

அடுத்த கசட்டில் உம்மா கலியாண நாளைச் சொன்னார். றஸாக்குக்குப் பழைய வாய் திரும்ப வந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து ஜேர்மனிவரை ஒன்று விடாமல் மச்சானுக்கு விளக்கினான். பிறகு பாட்டை முழுசாகப் பதிந்தான். உம்மா எழும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தக் கத்தலையெல்லாம் கேட்டுக்கொண்டு, தஸ்பீஹ் மணியை உருட்டியபடி, பிளேயருக்குப் பக்கத்திலேயே இருந்தார். பாட்டு முடிந்தது. நாடா கொஞ்சம் மிச்சம் இருந்தது. பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டுக் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"மகன், இன்னும் கேட்டுக்கிட்டா இரிக்காய்? சோறு திண்டியா மனே?"